கடைசி கோல், முதல் கோப்பை

ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோலை அடித்தவர் ஒரு தமிழர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவர் கோட்டுக்கு வெளியே நின்று செய்த காரியத்தை, பக்கத்து மாநிலம் பொது விடுமுறை விட்டுக் கொண்டாடியது.

1960 செப்டம்பர் 1. இத்தாலியில் லாகுவிலா என்றொரு மலையூர். ரோம் ஒலிம்பிக்கின் கால்பந்து ஆட்டங்களைத் தலைநகரில் மட்டும் வைக்காமல் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இந்தியாவும் பெருவும் மோதிய ஆட்டம் லாகுவிலாவின் பங்குக்கு வந்தது. பெரு மூன்று கோல் அடித்துவிட்டது. இந்தியா கணக்கையே தொடங்கவில்லை. இனி ஒன்றும் மாறப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்துபோன கடைசி நிமிடங்களில் ஒரு பந்து பெருவின் வலைக்குள் போய் விழுந்தது. அடித்தவர் சைமன் சுந்தரராஜ், தமிழ்நாட்டுக்காரர்.

ஆறுதல் கோல் என்பார்கள் இதை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்ற ஆட்டத்தில் அந்த ஒன்றை யார் பெரிதாகப் பேசுவார்கள்? அந்த ஒலிம்பிக்கில் பேச வேறு விஷயங்களும் நிறைய இருந்தன. செப்டம்பர் 6 அன்று மில்கா சிங் 400 மீட்டரில் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். 9ஆம் தேதி ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் ஒரு கோலில் தோற்றோம். 1928 முதல் கையைவிட்டுப் போகாத தங்கம் போனது. மறுநாள் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா ரோம் வீதிகளில் வெறுங்காலோடு ஓடி மாரத்தான் தங்கத்தை வாங்கினார். இத்தனைக்கும் நடுவே லாகுவிலாவில் விழுந்த ஒரு கோல் எந்த மூலைக்கு?

ஆனால் அந்தக் கோலுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஒரு கோலும் அடிக்கவில்லை. அடிக்க வாய்ப்பே வரவில்லை. 1960க்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் "ஒலிம்பிக்கில் கோல் அடித்த கடைசி இந்தியர்" என்ற இடத்தில் சுந்தரராஜின் பெயரே இருக்கிறது. அவரே இதை விரும்பியிருக்க மாட்டார். இந்தச் சாதனையை யாராவது முறியடித்தால்தான் பெருமை.

இந்த ஒரு வரியோடு அவரை நிறுத்திவிடுவது வழக்கம். நான் எழுத வந்தது அதற்குப் பிந்தைய கதையை. ஆட்டத்தை விட்டபின் அவர் பயிற்சியாளரானார்.

கண்ணமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்கலாம். நியாயம்தான். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பட்டுத் தறியால்தான் பெயர். சாயங்காலம் பையன்கள் கையில் இருப்பது மட்டை, காலில் பந்து இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்துக்குக் கால்பந்து வந்து சேர ஒரு குறுக்கு வழி இருந்தது. பட்டாளம். பக்கத்திலிருக்கும் கம்மவான்பேட்டையைத் தெரியாதவர் இந்த வட்டாரத்தில் கிடையாது. வீட்டுக்கொருவர் ராணுவத்துக்குப் போன ஊர். விடுமுறைக்கு வரும் பட்டாளத்துக்காரர் டிரங்குப் பெட்டியோடு கதைகளையும் கொண்டுவருவார். அந்தக் கதைகளில் பனி இருக்கும், துப்பாக்கி இருக்கும், ரெஜிமெண்டுக்கும் ரெஜிமெண்டுக்கும் நடந்த கால்பந்து மேட்சும் இருக்கும். பந்தயத்தில் ஜெயித்த கம்பெனிக்கு அன்றைக்குச் சாப்பாடு எப்படி இருந்தது என்பது வரைக்கும் சொல்வார்கள்.

தமிழ்ப் பெயர் தாங்கிய மிகப் பெரிய கால்பந்துக்காரர் ஒருவரும் அந்த வழியாகத்தான் வந்தார். பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் வளர்ந்தவர். உள்ளூர் கிளப்புகளில் அவர் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. 1953இல் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்தபின் கோல்கம்பத்துக்குக் கீழே போய் நின்றார். ஆறடியைத் தாண்டிய உயரம், அதற்கேற்ற கை. 1955லும் 1958லும் அந்த ராணுவ அணி டூரண்ட் கோப்பையை வென்றது. இன்றைய தலைமுறைக்கு டூரண்ட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. 1888இல் தொடங்கிய, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி அது. நீலகிரியிலிருந்து கிளம்பிப்போன ஒரு படைப்பிரிவு அதை இரண்டு முறை தூக்கி வந்தது என்பதை நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் யாரும் சொல்லித்தரவில்லை.

தங்கராஜ் 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது. பிறகு? பொகாரோ. உருக்காலை நகரம். அங்கே பயிற்சியாளராகக் காலத்தைக் கழித்து, 2008 நவம்பரில் அங்கேயே இறந்தார். கொல்கத்தாவில் லட்சம் பேர் முன்னால் நின்றவர், கடைசிக் காலத்தில் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் மைதானத்தில் நின்றார். இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. எனக்கென்னவோ அவருடைய வாழ்க்கையில் அந்தப் பகுதியைத்தான் கூடுதலாகத் தெரிந்துகொள்ள ஆசை. கோல்கீப்பருக்குச் சொல்லித்தருவது எளிதல்ல. பந்து வரும் திசையைக் கண் பார்க்கும் முன்பே உடம்பு போயிருக்க வேண்டும். உடம்புக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை எந்த வார்த்தையில் சொல்லிக் கொடுப்பது?

ஆட்டக்காரர் பயிற்சியாளராகும்போது முதலில் இடறும் இடம் இதுதான். கெட்டிக்கார ஆட்டக்காரருக்குத் தான் எப்படிச் செய்தோம் என்பதே தெரியாது. "இப்படி அடி" என்று அடித்துக் காட்டுவார். பையன் அடிப்பான், பந்து கேலரிக்குப் போகும். "இல்லை, இப்படி" என்று திரும்பவும் அடித்துக் காட்டுவார். அதற்கு மேல் அவரிடம் சொல் இல்லை. பெரிய பெயரெடுத்த எத்தனையோ பேர் இந்த இரண்டாவது "இப்படி"யைத் தாண்டியதில்லை.

வாத்தியார்

தாண்டியவர்களைத் தேடினால், கை ஒரே ஆளைக் காட்டும். சையது அப்துல் ரஹீம். ரோமில் இந்திய அணியின் பயிற்சியாளர். அஜய் தேவ்கன் நடித்து 2024இல் வந்த 'மைதான்' இந்திப் படம் அவருடைய கதைதான். ரஹீம் தொழிலால் வாத்தியார். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்துவிட்டுக் கால்பந்துக்கு வந்தவர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பறையில் நின்றவருக்கு ஒரு விஷயம் தெரியும்: புரியாத பையனுக்குத் திரும்பவும் அதையே சொல்லக் கூடாது, வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

ரஹீம் வேறு மாதிரி சொன்னார். வலது காலால் மட்டும் அடித்துப் பழகியவர்களுக்கு, பலவீனமான காலால் மட்டுமே ஆடலாம் என்று விதி வைத்துத் தனிப் போட்டி நடத்தினார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறவர்களுக்கு, பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது என்ற விதியோடு இன்னொரு போட்டி. வாங்கினால் உடனே தள்ளிவிட வேண்டும். "எடுத்துக்கொண்டு ஓடாதே" என்று நூறு முறை கத்துவதைவிட இது மேல். விதியே வாத்தியார் வேலையைப் பார்த்துவிடும்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று இந்தியா உதைபட்டது. பலர் வெறுங்காலோடு ஆடிய அணி அது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. அந்த அவமானத்திலிருந்து நான்கே ஆண்டில் மெல்போர்னில் நான்காவது இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். மூன்று அணிகளுக்கும் பயிற்சியாளர் ரஹீம்தான். ஜகார்த்தா தங்கத்துக்கு அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11 அன்று, புற்றுநோயால் அவர் போய்ச்சேர்ந்தார். இந்தியக் கால்பந்து அதற்கப்புறம் அந்த உயரத்தைத் தொடவில்லை.

ரோமில் அவர் கூட்டிப்போன அணியை ஒரு முறை பாருங்கள். தலைவர் பி.கே. பானர்ஜி. சுனி கோஸ்வாமி. ஜர்னைல் சிங். கோலில் தங்கராஜ். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம். ரஹீமின் மகன் ஹக்கீமும் அந்த அணியில் இருந்தார். ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். இந்தியாவின் கோலை அடித்தவர் பலராம். எதிரே ஆடியவர்களில் ஒருவர் ஃபுளோரியன் ஆல்பர்ட், பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். அந்த ஹங்கேரி அணி வெண்கலத்தோடு ஊர் திரும்பியது. பிரான்ஸோடு ஆடிய ஆட்டத்தில் பானர்ஜி அடித்த கோலால் முன்னணியில் இருந்து, கடைசியில் 1-1 என்று முடித்தார்கள். அதற்கடுத்த ஆட்டம்தான் லாகுவிலாவில் பெருவோடு. மூன்று ஆட்டம், மூன்று கோல். பலராம், பானர்ஜி, சுந்தரராஜ். மூன்றில் இரண்டு தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அடித்தது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

இதே அணியிலிருந்து எத்தனை பேர் பயிற்சிக்குப் போனார்கள் என்று எண்ணத் தொடங்கினால் வியப்பு. பானர்ஜி கொல்கத்தாவில் எழுபதுகளையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் அவருடைய ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது. 1977இல் அவர் மோகன் பகானில் இருந்தபோது பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணி ஈடன் கார்டனுக்கு வந்து 2-2 என்று தப்பித்துப் போனது. ஆட்டத்துக்கு முன் அவர் உடைமாற்றும் அறையில் பேசும் பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. ஜர்னைல் பஞ்சாபுக்குப் போனார். அருண் கோஷ் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். ஹக்கீம் விமானப்படை, நடுவர் வேலை, பயிற்சி என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். ரஹீம் ஒலிம்பிக்குக்குப் பதினொரு பேரைக் கூட்டிப்போனாரா, பயிற்சியாளர் வகுப்பு நடத்தினாரா என்று சந்தேகமே வரும்.

சுந்தரராஜும் போனார். அவர் போன திசை கேரளம்.

எர்ணாகுளம், டிசம்பர் 1973

சந்தோஷ் டிராபி என்றால் மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி. 1941இல் தொடங்கியது. இன்று ஐ.எஸ்.எல். வெளிச்சத்தில் அது மங்கிவிட்டது. அன்று அதுதான் எல்லாம். வங்காளம் அள்ளிக் குவித்தது. ஹைதராபாத், மைசூர், பம்பாய் எல்லாம் தூக்கின. கேரளத்துக்குக் கால்பந்துப் பைத்தியம் இருந்தது, கோப்பை இல்லை. மலபாரில் அறுவடை முடிந்த வயல்களில் ஏழு பேர் ஆட்டம் களைகட்டும். டிக்கெட் போட்டுப் பார்ப்பார்கள். ஏழு பேர் ஆட்டத்தின் சூரன் பதினொரு பேர் ஆட்டத்தில் காணாமல் போவான். குறுகிய களத்தில் ஒருவனே எல்லாம் செய்யலாம். பெரிய மைதானத்தில் பத்து பேரை நம்ப வேண்டும்.

மாநில அணியின் பயிற்சியாளருக்கு இன்னொரு தலைவலி. ஆட்டக்காரர்கள் அவருடைய ஆட்கள் அல்ல. ஒருவர் ஆலுவாவின் ஃபேக்ட் உரத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பார், இன்னொருவர் களமசேரி பிரீமியர் டயர்ஸில், மற்றொருவர் திருவனந்தபுரம் டைட்டானியத்தில். வருஷம் முழுக்க ஒருவர் காலை ஒருவர் வாரிவிட்டு ஆடியவர்கள். முகாமில் சில வாரம் கூடுவார்கள். அதற்குள் ஒருவர் எண்ணம் இன்னொருவர் காலுக்குத் தெரிய வேண்டும். நுட்பம் சொல்லித்தர அங்கே நேரமில்லை. யாரை எங்கே நிறுத்துவது, யாரை வெளியே உட்கார வைப்பது, உட்கார்ந்தவன் முகத்தைச் சுளிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் வேலை. வெளியூர்க்காரராக இருந்தது சுந்தரராஜுக்கு வசதியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். மலபாரா, கொச்சியா, தெற்கா என்ற வழக்கில் அவருக்குக் கட்சி இல்லை.

1973ஆம் ஆண்டின் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. டிசம்பர் 27, மகாராஜா கல்லூரி மைதானம். இறுதியாட்டத்தில் எதிரணி ரயில்வே. நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த ஆட்டக்காரர்கள் ரயில்வேயில் எப்போதும் உண்டு. கேரளத்தின் தலைவர் மணி, ஃபேக்ட்காரர். கேரளம் 3-2 என்று வென்றது. மூன்று கோலும் மணி அடித்தவை. அன்றிலிருந்து அவர் பெயரே 'கேப்டன் மணி' ஆகிவிட்டது. 2017இல் இறந்தபோதும் செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதின. கேரள அரசு மறுநாள் பொது விடுமுறை அறிவித்தது. ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக! நாம் எதற்கெல்லாமோ விடுமுறை விட்டிருக்கிறோம். இதற்கு விட்டதாக நினைவில்லை.

கோட்டுக்கு வெளியே நின்றவர் பெயரை யாரும் பட்டமாக ஆக்கவில்லை. கேரளத்தின் பழைய கால்பந்து ரசிகர்கள் 'ஒலிம்பியன் சைமன் சுந்தரராஜ்' என்று மரியாதையோடு சொல்வார்கள் என்பது உண்மை. தமிழ்நாட்டில் அந்த அளவும் இல்லை.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதிதல்ல. கண்ணமங்கலத்திலும் ஆரணியிலும் நெய்யும் சேலை பெரிய கடைக்குப் போய் 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும். பெட்டியில் கடை பெயர் பொன் எழுத்தில் இருக்கும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதித்தவர் பெயர் எந்தத் தலைப்பிலும் இருக்காது. கேரளத்தின் மீது எனக்குக் கோபமில்லை. கடைக்காரன் சரக்கின் அருமை தெரிந்து வாங்கினான். நெய்தவனை வைத்துக்கொள்ளத் தெரியாத ஊர் எது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கேரளம் இதுவரை ஏழு முறை சந்தோஷ் டிராபியை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒரு முறைகூட இல்லை. 2012இல் கட்டாக்கில் இறுதியாட்டம் வரை போய் சர்வீசஸிடம் 3-2 என்று விட்டார்கள். (பெண்கள் அந்தக் குறையை வைக்கவில்லை. 2018இல் அதே ஒடிசாவில் மணிப்பூரை வீழ்த்தித் தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.)

வங்கி வேலையும் விசிலும்

நம்மிடம் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. அவர்கள் பயிற்சியாளராகும் பாதைதான் ஒற்றையடிப் பாதை. காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, வயிறு. சென்னையில் நன்றாக ஆடும் பையனுக்கு வீட்டில் வைக்கும் கனவு இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, சுங்கம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துவிட்டால் குடும்பம் கரையேறிவிடும். கால் ஓய்ந்தபின் அதே அலுவலகத்தில் மேசை காத்திருக்கிறது. பென்ஷன் வரும் நாற்காலியை விட்டுவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு வெயிலில் நிற்க யாருக்கு மனசு வரும்? சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், அலுவலகம் விட்டு வந்து, பேருந்து பிடித்து, இருட்டும்வரை நாற்பது பையன்களுக்குச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கால்பந்து நிற்பது அவர்கள் தோளில்தான்.

சையது சபீர் பாஷாவை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இந்தியன் வங்கி அணியோடு பின்னிப்பிணைந்த பெயர். இந்தியாவுக்கு ஆடியவர். பிறகு அதே வங்கி அணிக்குப் பயிற்சியாளர். சென்னையின் எஃப்.சி. அணி 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவிலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வென்று ஐ.எஸ்.எல். பட்டம் தூக்கியபோது தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரகரி என்ற ஆங்கிலேயர். அவருக்குத் துணையாக நின்றவர் பாஷா. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது மிச்ச ஆட்டங்களுக்குப் பொறுப்பு பாஷாவிடம் வந்தது. 'இடைக்கால' என்ற முன்னொட்டோடு. வீடு பற்றி எரியும்போது கூப்பிடுகிறார்கள், கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று சொன்னால் கிளப்புக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் இது சென்னை கிளப்பின் பழக்கம் மட்டுமல்ல. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லில் ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக ஆக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் காலித் ஜமீல். மிசோரமின் ஐஸால் அணிக்கு 2017இல் ஐ-லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த பின்னும் அத்தனை வருஷம். 2025 ஆகஸ்டில் அவரே இந்திய அணிக்கும் பயிற்சியாளரானார். அதற்கு முன் அந்த நாற்காலியில் ஓர் இந்தியர் உட்கார்ந்தது 2012இல்.

ராமன் விஜயனையும் விட்டுவிட முடியாது. 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்த தமிழ்நாட்டுக்காரர் அவர். அவரும் இப்போது சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் பக்கம் வந்துவிட்டார்.

சுந்தரராஜ் காலத்தில் பயிற்சியாளராக ஆக விரும்பியவருக்குப் போக்கிடம் 1961இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம். இன்று உரிமம் வேண்டும். டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏறவேண்டும். ஒவ்வொரு படிக்கும் பணம், விடுப்பு, வெளியூர்ப் பயணம். ஐ.எஸ்.எல். கிளப்பின் தலைமைப் பொறுப்புக்குக் கடைசிப் படி வரை ஏறியிருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் இந்த ஏணியில் எத்தனையாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. உரிமம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரஹீம் பள்ளி ஆசிரியர் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அரசு அங்கீகாரம் என்று பார்த்தால் இன்னும் சுருக்கம். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல் தொடங்கியது. கால்பந்துக்கு முதலில் வாங்கியவர் சையது நயீமுதீன், 1990இல். அடுத்தவர் பிமல் கோஷ், 2022இல். நடுவே முப்பத்திரண்டு ஆண்டு! பிறகு அர்மாண்டோ கொலாசோ. ரஹீம் விருது பிறக்கும் முன்பே இறந்தவர், அவரை விடுங்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளாக இந்த நாட்டில் கால்பந்து சொல்லித்தர ஆளே இல்லை என்றா பொருள்?

கோல் அடித்தவனுக்கு நிமிடக் கணக்கு இருக்கிறது. பெரு ஆட்டத்தின் பதிவேட்டை எங்கே புரட்டினாலும் சுந்தரராஜ் பெயருக்கு எதிரே ஒரு நிமிடம் குறித்திருப்பார்கள். பயிற்சியாளர் எந்த நிமிடத்தில் என்ன செய்தார் என்று குறிக்கக் கட்டம் இல்லை. அவர் செய்தது வேறு ஒருவர் கால் வழியாகத்தான் வெளியே வரும். சில சமயம் அதே மாலையில் வரும். சில சமயம் பத்து, இருபது வருஷம் பிடிக்கும்.

தறியில் ஒரு பாவு தீரும்போது அதை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். பழைய பாவின் நுனி இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குக் கண் வலிக்கும். பிணைத்து முடித்தபின் முடிச்சு அச்சைத் தாண்டிப் போய்விடும், சேலையில் தெரியாது. ரஹீமிடம் ரோம் வரை போன சுந்தரராஜ், எர்ணாகுளத்தில் ஓர் அணிக்குப் பயிற்சியாளராக நின்றார் அல்லவா? அந்த அணியில் கொச்சிக்காரர் ஒருவர் ஆடினார். டி.ஏ. ஜாஃபர். அவரும் ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார்.

1973க்குப் பிறகு கேரளத்துக்கு மறுபடியும் சந்தோஷ் டிராபி கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. வி.பி. சத்யன் தலைமையில் 1992இல் கோவாவை இறுதியாட்டத்தில் 3-0 என்று வென்றார்கள். அடுத்த ஆண்டும் வென்றார்கள். இரண்டு முறையும் பயிற்சியாளர் ஜாஃபர்.

1992இல் அந்த இறுதியாட்டம் நடந்த ஊர் கோயம்புத்தூர்.